இரவல் மெட்டில் எழுந்த அலை: ‘சர்ஃபின் யு.எஸ்.ஏ.’ – ஒரு நிகழ்வு ஆய்வு

1963 மார்ச்சில் கேபிடல் நிறுவனம் வெளியிட்ட, பீச் பாய்ஸ் குழுவின் ‘சர்ஃபின் யு.எஸ்.ஏ.’ பாட்டைத் தாங்கிய 4932ஆம் எண் இசைத்தட்டின் நடுவில், மஞ்சளும் ஆரஞ்சும் சுழன்றோடும் வட்டத்தாளில், பாட்டை எழுதியவர் என்று ஒரே ஒரு பெயர்தான் இருந்தது: பிரையன் வில்சன். ஆனால் அந்தப் பாட்டின் பதிப்புரிமை வில்சன் வீட்டாரிடம் இல்லை. அது செஸ் இசைத்தட்டு நிறுவனத்தாருக்குப் பங்கிருந்த ஆர்க் மியூசிக் என்ற இசைப் பதிப்பகத்தின் பெட்டியில் இருந்தது. பெயர் ஓரிடம், வரும்படி ஓரிடம். 1966இல் வந்த தொகுப்பில் பெயரும் இடம் மாறியது. பிரையன் வில்சன் நீக்கப்பட்டு அந்த இடத்தில், மெட்டின் சொந்தக்காரரான ராக் அண்ட் ரோல் பாடகர் சக் பெர்ரி வந்து உட்கார்ந்தார். பின்னாளில் வந்த பதிப்புகளில் இருவர் பெயரும் சேர்ந்து நிற்கின்றன.

பாட்டு ஒன்று, ஒலிப்பதிவும் ஒன்று, எழுதியவர் என்று போட்ட வரி மட்டும் மூன்று விதம். முதல் இரண்டும் தவறு என்பது என் முடிவு. மூன்றாவது நியாயத்துக்குப் பக்கத்தில் வருகிறது, அவ்வளவுதான். ஏன் என்று சொல்ல, அந்தப் பாட்டு உருவான விதத்திலிருந்து தொடங்க வேண்டும்.

கடலுக்கு அஞ்சிய பாட்டுக்காரர்

லாஸ் ஏஞ்சலீஸுக்குத் தெற்கே, கடலிலிருந்து சில மைல் உள்ளே தள்ளி இருக்கும் ஊர் ஹாதார்ன். வில்சன் வீட்டில் மூன்று பையன்கள்: பிரையன், டென்னிஸ், கார்ல். அவர்களோடு சேர்ந்தவர் உறவுப் பையன் மைக் லவ். அப்பா மரி வில்சன்தான் குழுவின் மேலாளர், பதிப்பாளர், கண்டிப்புக்காரர் எல்லாம். பீச் பாய்ஸ் என்று பெயர் பெற்ற அந்தக் கூட்டத்தில் உண்மையிலேயே அலைச்சறுக்குப் பலகையை எடுத்துக்கொண்டு கடலில் இறங்கியவர் டென்னிஸ் மட்டும்தான். அலைச்சறுக்கைப் பற்றிப் பாட்டு எழுதலாம் என்ற யோசனையும் அவருடையதே. அந்தப் பாட்டுகளை எழுதிய பிரையனுக்குத் தண்ணீர் என்றால் பயம்.

1961இல் வெளிவந்த முதல் பாட்டு ‘சர்ஃபின்’ பில்போர்டு பத்திரிகையின் பாட்டுத் தரவரிசைப் பட்டியலில் 75ஆம் இடத்தோடு நின்றது. 1962இல் ‘சர்ஃபின் சஃபாரி’ 14 வரை ஏறியது. அடுத்த தட்டு சறுக்கி 49இல் நின்றது. 1963 தொடங்கியபோது குழுவுக்கு உடனடியாக ஒரு வெற்றி வேண்டியிருந்தது. பிரையனுக்கு வயது 20.

அப்போது அவர் பழகிக்கொண்டிருந்த பெண்ணின் தம்பி அலைச்சறுக்கு வீரன். எந்தக் கரையில் எப்படி அலை வரும் என்று அந்தப் பையனுக்கு அத்துப்படி. பிரையன் பிற்காலத்தில் தானே சொன்ன கதை இது: சக் பெர்ரியின் ‘ஸ்வீட் லிட்டில் சிக்ஸ்டீன்’ மெட்டை முனகிக்கொண்டிருந்தபோது, இதற்கு அலைச்சறுக்கு வரிகளை எழுதினால் என்ன என்று தோன்றியிருக்கிறது. ‘இந்த ஊரில் இது நடக்கிறது, அந்த ஊரில் அது நடக்கிறது’ என்று பெர்ரி அடுக்கிய முறை அவருக்குப் பிடித்திருந்தது. அலைச்சறுக்கு நடக்கும் இடங்களையெல்லாம் சொல் என்று பையனிடம் கேட்டார். பையன் பட்டியலைக் கொடுத்தான்.

இதில் மறைத்து வைத்தது எதுவும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எங்கோ கேட்ட மெட்டு தன்னையறியாமல் கையில் வந்துவிட்டது என்று அவர் சொல்லிக்கொள்ளவில்லை. தெரிந்த மெட்டுக்குத் தெரிந்தே எழுதினார். நம் ஊரில் நூறு ஆண்டுகளுக்கு முன்பு காலணா, அரையணாவுக்கு விற்ற பாட்டுப் புத்தகங்களில் ஒவ்வொரு பாட்டின் தலையிலும் ‘இன்ன பாட்டின் வர்ணமெட்டு’ என்று போட்டிருப்பார்கள். படிப்பவர் அந்த மெட்டில் பாடிக்கொள்ள வேண்டும். அதில் வெட்கமும் இல்லை, வழக்கும் இல்லை. கேபிடல் தட்டில் விடுபட்டது அந்த ஒரு வரிதான்.

பட்டியலில் ஒரு சுவாமி

பாட்டின் வரிகளைத் தனியே எடுத்து வைத்தால் பாதிக்கு மேல் ஊர்ப்பெயர்கள். டெல் மார், வென்ச்சுரா, சாண்டா குரூஸ், ட்ரெஸல்ஸ், மன்ஹாட்டன் கடற்கரை, டோஹீனி, ஹாகர்ட்டீஸ், சான் ஒனோஃப்ரே, ரெடோண்டோ, லா ஹோயா. கலிபோர்னியாவைத் தாண்டி ஹவாயின் வைமியா விரிகுடா. ஆஸ்திரேலியாவில் சிட்னிக்கு வடக்கே உள்ள நாரபீனும் வந்துவிடுகிறது. தலைப்பு யு.எஸ்.ஏ. என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை.

இந்த வரிசையில் ‘சுவாமீஸ்’ என்று ஒரு பெயர் வரும். தமிழ்க் காது அங்கே ஒரு கணம் நிற்கும். அது நாம் நினைக்கும் அதே சுவாமிதான். சான் டியேகோவுக்கு வடக்கே என்சினிட்டாஸ் என்ற கடலோர ஊரில், 1930களில் பரமஹம்ச யோகானந்தருக்காகக் குன்றின் விளிம்பில் ஓர் ஆசிரமம் எழுந்தது. அதற்குக் கீழே உடையும் அலையை அந்த வட்டாரத்துப் பையன்கள் சுவாமியின் இடம் என்று அழைக்கத் தொடங்கினார்கள். குன்றின் விளிம்பிலிருந்த கோயில் 1940களின் தொடக்கத்தில் மண் அரித்துச் சரிந்துபோனது. பெயர் மட்டும் அலையின் மேல் நிலைத்துவிட்டது. பாட்டைப் பாடிய பையன்களில் எத்தனை பேருக்கு அந்தச் சுவாமி யார் என்று தெரிந்திருக்கும் என்பது வேறு விஷயம்.

ட்ரெஸல்ஸும் சும்மா வந்த பெயர் இல்லை. அந்தக் கடற்கரை அப்போது பெண்டில்டன் மரைன் படைத் தளத்தின் எல்லைக்குள் இருந்தது. அலைச்சறுக்குப் பையன்கள் திருட்டுத்தனமாக நுழைவார்கள், காவல் வீரர்கள் துரத்துவார்கள், பலகைகளைப் பறிமுதல் செய்வார்கள். அந்த இடத்தைப் பெயர் சொல்லிப் பாடியதில், உள்ளூர்க்காரர்களுக்கு மட்டும் புரியும் ஒரு கண்சிமிட்டல் இருந்தது.

பட்டியல் கொடுத்தவன் ஊரை அறிந்தவன். பாட்டெழுதியவர் கேள்விப்பட்டு எழுதியவர். அதனால்தான் பாட்டு ‘எல்லோருக்கும் ஒரு கடல் இருந்தால்’ என்று ஒரு நிபந்தனையோடு தொடங்குகிறது என்று நினைக்கிறேன். கடல் உள்ளவன் அப்படித் தொடங்க மாட்டான். கான்சஸிலும் அயோவாவிலும் பல நூறு மைலுக்குக் கடலே இல்லாத ஊர்களில் இந்தத் தட்டை வாங்கிய பிள்ளைகளுக்கு அந்த ‘இருந்தால்’ போதுமாக இருந்தது.

மெட்டிலிருந்து எதை எடுத்தார், எதை விட்டார்

இரண்டு பாட்டுகளையும் அடுத்தடுத்துக் கேட்டால் மெட்டு ஒன்றே என்பதற்கு வல்லுநர் சாட்சி வேண்டியதில்லை. வழக்கமாக இந்த வகைப் பாட்டுகள் ஆதார சுரத்தின் மேல் கட்டிய சுரக்கூட்டில் காலை ஊன்றிக் கிளம்பும். பெர்ரியின் பாட்டு அப்படி அல்ல. பஞ்சமத்தின் மேல் நிற்கும் கூட்டில் தொடங்கி, ஆதாரத்துக்கு வந்து இறங்கி, மீண்டும் பஞ்சமத்துக்குப் போகிறது. ஒவ்வொரு வரியும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பஸ்ஸில் தாவி ஏறுவது போலத் தொடங்குவதற்கு அதுதான் காரணம். பிரையன் அந்த அமைப்பை அப்படியே எடுத்துக்கொண்டார். வரி எங்கே முறிய வேண்டும், எங்கே ஊர்ப்பெயர் விழ வேண்டும் என்பதும் பெர்ரி போட்ட கணக்குத்தான்.

விட்டது என்ன என்பதை எழுதுகிறவர்கள் குறைவு. 1958இல் பெர்ரி அந்தப் பாட்டை வெளியிட்டபோது அவருக்கு வயது 31. பாஸ்டன், பிட்ஸ்பர்க், டெக்ஸஸ், செயின்ட் லூயிஸ், நியூ ஆர்லியன்ஸ் என்று அடுக்கியது பாட்டின் பாதிதான். மறுபாதியில் ஒரு பெண் இருக்கிறாள். கையெழுத்து வேட்டையாடுகிறாள், பாட்டுக் கச்சேரிக்குப் போக அம்மா அப்பாவிடம் கெஞ்சுகிறாள், பெரியவள்போல இறுக்கமான உடையும் உதட்டுச் சாயமுமாகக் கிளம்புகிறாள். மறுநாள் காலையில் வகுப்பில் பழைய பள்ளிக்கூடப் பிள்ளையாக உட்கார வேண்டும். மூன்று நிமிடத்துக்குள் ஒரு சிறுகதை. பெர்ரியைப் பாட்டெழுத்தாளராக மதிக்கிறவர்கள் இந்த மறுபாதிக்காகத்தான் மதிக்கிறார்கள்.

பிரையன் அந்தப் பெண்ணை முழுதாக நீக்கிவிட்டார். ஆளும் இல்லை, கதையும் இல்லை. தொளதொளத்த அரைக்கால் சட்டை, செருப்பு, கலைந்த பொன்னிறத் தலைமுடி, பிறகு ஊர்கள், மறுபடியும் ஊர்கள். எழுத்தாக வைத்துப் பார்த்தால் இது பெர்ரியின் பாட்டுக்குக் கிட்டே வராது. இதை ஒளிக்க வேண்டியதில்லை.

ஆனால் அந்தப் பாட்டு எழுத்தில் இல்லை, ஒலியில் இருக்கிறது. முதல் சில நொடிகளைக் கேளுங்கள். தனியாக ஒரு கிதார் ஒரு சிறு சொற்கட்டைப் போல ஒன்றை வாசிக்கிறது, முரசு பதில் சொல்கிறது, மறுபடியும் கிதார், மறுபடியும் முரசு. பிறகு மைக் லவ்வின் மூக்குத் தொனி. அந்தக் குரல் சற்றே தடித்து, விளிம்பில் ஒரு மினுமினுப்போடு கேட்கும். அவர் அதே வரிகளை இரண்டு முறை பாட, ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்திருக்கிறார்கள். பீச் பாய்ஸ் இந்த உத்தியைக் கையாளத் தொடங்கியது இந்தச் சமயத்தில்தான். பின்னால் மற்றக் குரல்கள் ‘ஊ’ என்று நீண்டு நிற்கின்றன. இரண்டாவது சுற்றில் அதே குரல்கள் ‘இன்சைட், அவுட்சைட்’ என்று இடையில் புகுந்து விளையாடுகின்றன. மேலே பிரையனின் கள்ளக்குரல் மிதக்கிறது. நடுவில் சிறிது ஆர்கன், அதைத் தள்ளிவிட்டுக்கொண்டு கிதார். இரண்டரை நிமிடத்துக்குள் எல்லாம் முடிகிறது.

பெர்ரியின் பதிவு ஒரு மனிதர் கதை சொல்வது. இது ஒரு கூட்டம் கத்திக்கொண்டு கடலுக்கு ஓடுவது. அந்த வேறுபாட்டைச் செய்தவர் பிரையன். சிக்கல் என்னவென்றால், பதிப்புரிமைச் சட்டம் அன்று மெட்டையும் சொல்லையும்தான் எண்ணியது. குரல்களை எப்படி அடுக்கினாய், எதன்மேல் எதைப் பதிந்தாய் என்பதற்கு அதில் கட்டமே கிடையாது.

தொடக்கக் கிதாருக்கும் ஒரு பூர்வோத்தரம் உண்டு. அது கிதார் கலைஞர் டுவேன் எடியின் 1958ஆம் ஆண்டு வாத்தியப் பாட்டு ஒன்றிலிருந்து வந்தது. எடிக்கு அது எங்கிருந்து வந்தது? சக் பெர்ரியின் ‘பிரவுன் ஐட் ஹேண்ட்சம் மேன்’ தொடக்கத்திலிருந்து. ஆக, மெட்டை நேராகவும் முகப்பைச் சுற்றுவழியாகவும் ஒரே ஆளிடம் கடன் வாங்கியிருக்கிறார்கள்.

சிறையில் இருந்தவரும் கையெழுத்துப் போட்டவரும்

இந்தத் தட்டு கடைக்கு வந்தபோது சக் பெர்ரி சிறையில் இருந்தார். 14 வயதுப் பெண் ஒருத்தியை மாநில எல்லை கடந்து அழைத்துச் சென்றதாக ‘மான்’ (Mann) சட்டத்தின் கீழ் வழக்கு. முதல் விசாரணையில் நீதிபதி நிறவெறியோடு பேசினார் என்பதால் மேல்முறையீட்டில் தீர்ப்பு ரத்தானது. மறு விசாரணையிலும் குற்றவாளி என்றே தீர்ப்பு வந்தது. 1962 பிப்ரவரி முதல் 1963 அக்டோபர் வரை உள்ளே இருந்தார். நீதிபதியின் வெறியும் உண்மை, குற்றத்தின் கனமும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மூட முடியாது.

வெளியே அவர் மெட்டு நாடெங்கும் ஒலித்தது. பெர்ரியின் பாட்டுக்கு உரிமை வைத்திருந்த ஆர்க் மியூசிக் அழுத்தம் கொடுத்தது. மரி வில்சன் இணங்கினார். பெரிய நீதிமன்ற நாடகம் எதுவும் இல்லை. பாட்டின் உரிமை முழுவதையும், மகன் எழுதிய வரிகளையும் சேர்த்து, தூக்கிக் கொடுத்துவிட்டார்.

இங்கேதான் எனக்கு வருத்தம். மெட்டு பெர்ரியுடையது, அதில் பேச்சே இல்லை. ஆனால் வரிகள் பிரையனுடையவை. மெட்டுக்கு உரியவருக்கு ஒரு பங்கு, வரிக்கு உரியவருக்கு ஒரு பங்கு என்று பிரித்திருக்கலாம். மரிக்கு அந்த நிதானம் இல்லையா, கையில் வேறு சீட்டு இல்லையா என்று தெரியாமல் அவரைத் திட்டுவதும் எளிது. 1969இல் மகனின் பாட்டுகளையெல்லாம் வைத்திருந்த சீ ஆஃப் ட்யூன்ஸ் பதிப்பகத்தை 7,00,000 டாலருக்கு விற்றவரும் இதே அப்பாதான். பிரையன் அதற்காக நொறுங்கிப் போனார். அந்த விற்பனையில் ‘சர்ஃபின் யு.எஸ்.ஏ.’ போகவில்லை. அதுதான் ஏற்கெனவே போயிருந்ததே.

பெர்ரி தரப்பிலும் கணக்கு அவ்வளவு சுத்தம் இல்லை. 1955இல் அவருடைய முதல் தட்டு ‘மேபலின்’ வந்தபோது, எழுதியவர்கள் வரிசையில் வானொலி அறிவிப்பாளர் ஆலன் ஃப்ரீடின் பெயரையும் இன்னொருவர் பெயரையும் பார்த்து அவரே திகைத்தார். அவர்கள் ஒரு வரிகூட எழுதியதில்லை. அதே பாட்டு ‘ஐடா ரெட்’ என்ற பழைய கிராமத்து ஃபிடில் பாட்டின் வழி வந்தது. 2000இல் அவருடைய நெடுநாள் பியானோக்காரர் ஜானி ஜான்சன், டஜன் கணக்கான பாட்டுகளில் தனக்கும் பங்குண்டு என்று பெர்ரிமேல் வழக்குத் தொடுத்தார். அந்தப் பட்டியலில் ‘ஸ்வீட் லிட்டில் சிக்ஸ்டீன்’ இருந்தது. காலம் கடந்துவிட்டது என்று வழக்குத் தள்ளுபடியானது. பங்கு உண்டா இல்லையா என்று நீதிமன்றம் சொல்லவே இல்லை.

பெர்ரி சிறையில் சும்மா இருக்கவில்லை. அங்கே பல பாட்டுகளை எழுதினார். அவற்றில் ஒன்று ‘ப்ராமிஸ்ட் லேண்ட்’. வர்ஜீனியாவின் நார்ஃபோக்கிலிருந்து லாஸ் ஏஞ்சலீஸ் வரை ஒருவன் போகும் வழியெல்லாம் ஊர்ப்பெயர்கள். அதற்காகச் சிறையில் நிலப்படம் கேட்டு வாங்கியதாக அவரே எழுதியிருக்கிறார். தன் ஊர்ப்பட்டியல் உத்தியில் வெளியே ஒருவர் கலிபோர்னியாவை அடுக்கிக்கொண்டிருந்த காலத்தில், உள்ளே இவர் நிலப்படத்தை வைத்து அதே கலிபோர்னியாவுக்கு வழி தேடிக்கொண்டிருந்தார். செஸ் நிறுவனமும் காலத்தை வீணாக்கவில்லை. 1963இல் அவருடைய ஸ்டூடியோ பதிவுகளில் கைதட்டலைக் கலந்து மேடைக் கச்சேரி என்று ஒரு தொகுப்பை விற்றது. அதில் ஒரு வாத்திய உருப்படிக்கு ‘சர்ஃபின் ஸ்டீல்’ என்று பெயர்.

பிற்காலத்தில் கோபன்ஹேகனில் பெர்ரியைச் சந்தித்தபோது, அந்தப் பாட்டு தனக்கு மிகவும் பிடிக்கும் என்று அவர் சொன்னதாகக் கார்ல் வில்சன் நினைவுகூர்ந்திருக்கிறார். பிடிக்காமல் இருக்குமா?

வரவேற்பு

பாட்டு பில்போர்டில் 3ஆம் இடம் வரை போனது. மறுபக்கத்தில் இருந்த கார்ப் பாட்டு ‘ஷட் டவுன்’ 23ஐத் தொட்டது. ஆண்டு முடிவில் பில்போர்டு முதலில் அச்சிட்ட பட்டியலில் 1963இன் முதலிடப் பாட்டே இதுதான். பின்னர் கணக்கைத் திருத்தி ‘சுகர் ஷாக்’ என்ற பாட்டுக்கு அந்த இடத்தைக் கொடுத்தார்கள். இந்தப் பாட்டுக்குப் பட்டியல்களோடு ராசியில்லை போலும்.

அன்றைய விமர்சனம் என்று பெரிதாகத் தேடினால் ஏமாற்றம்தான். ராக் இசையை உட்கார்ந்து அலசும் பத்திரிகைகள் அப்போது பிறக்கவில்லை. ரோலிங் ஸ்டோன் வந்ததே 1967இல். வியாபாரப் பத்திரிகைகளின் இரண்டு வரியும், வானொலிக்காரர்கள் எத்தனை முறை ஒலிபரப்பினார்கள் என்பதும்தான் தீர்ப்பு.

உண்மையான எதிர்ப்பு கடற்கரையிலிருந்து வந்தது. தென் கலிபோர்னியாவில் சர்ஃப் இசை என்றால் டிக் டேல். பால்போவாவின் ரான்டேவூ நடன அரங்கில் அவர் கிதாரை விறுவிறுவென்று ஒற்றைத் தந்தியில் வெட்டி வாசிப்பதும், ஃபெண்டர் எதிரொலிப் பெட்டியிலிருந்து சொட்டச் சொட்ட வரும் ஒலியும்தான் அலைச்சறுக்கு வீரர்களுக்கு அலையின் ஒலி. அதில் சொல்லே இருக்காது. மூன்று சுரத்தில் சேர்ந்து பாடும் சுத்தமான பையன்கள் அவர்களுக்குச் சிரிப்பாக இருந்தார்கள். பலகையை ஈரமாக்காதவன் பாடும் பாட்டு என்ற ஏளனம். பீச் பாய்ஸுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். இதே பெயரில் வந்த நீள்தட்டில் பன்னிரண்டில் ஐந்து வாத்திய உருப்படிகள், அவற்றில் இரண்டு டிக் டேல் வாசித்துப் பேர்பெற்றவை. அந்த இரண்டிலும் டேலுக்கு அருகில்கூட வர முடியவில்லை என்பதே கேட்பவன் தீர்ப்பு. ஆனாலும் நீள்தட்டு 2ஆம் இடம் வரை போனது.

நான் இந்தச் சண்டையில் கடற்கரைக்காரர்கள் பக்கம் பாதிதான் நிற்பேன். டேலின் இசை அலையின்மேல் நிற்பவனுக்கு. இந்தப் பாட்டு அலையையே பார்க்காதவனுக்கு. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தது கடைக்காரர்களின் வசதி. பெர்ரி பள்ளிக்கூடத்தை விட்டுப் பத்தாண்டுக்கு மேல் ஆன பிறகு பள்ளிப் பிள்ளைகளைப் பற்றி எழுதினார். பிரையன் கடலில் இறங்காமலே கடலைப் பற்றி எழுதினார்.

1966இல் பிரையன் ‘பெட் சவுண்ட்ஸ்’ என்ற நீள்தட்டைச் செய்தபின் விமர்சகர்களுக்கு முந்தைய கடற்கரைப் பாட்டுகள் விளையாட்டுப் பிள்ளைச் சமாசாரமாகத் தெரிந்தன. பத்தாண்டின் இறுதியில் கோடுபோட்ட சட்டையும் அலைப்பலகையும் குழுவுக்கே சுமையாகிவிட்டன. 1974இல் கேபிடல் பழைய பாட்டுகளைத் திரட்டி ‘எண்ட்லெஸ் சம்மர்’ என்று வெளியிட, அது முதலிடத்துக்குப் போனது. ‘சர்ஃபின் யு.எஸ்.ஏ.’ தனித்தட்டாக மறுபடி வந்து 36ஆம் இடத்தைப் பிடித்தது. வியட்நாமும் வாட்டர்கேட்டும் கண்ட ஒரு நாட்டுக்கு 1963இன் கோடை அப்போது பழங்கதையாகிவிட்டிருந்தது. பாட்டில் ஒரு சுரம்கூட மாறவில்லை.

அண்மைக் காலத்தில் எழுதுகிறவர்கள் இதை வெள்ளைப் புறநகர்ப் பையன்கள் சிறையில் இருந்த கறுப்பரின் மெட்டை எடுத்துக்கொண்ட கதையாகப் படிக்கிறார்கள். அந்த வாசிப்பை மறுக்க முடியாது. கறுப்பினப் பாடகர் லிட்டில் ரிச்சர்டின் பாட்டுகளை வெள்ளைப் பாடகர் பாட் பூன் பாடிக் காசாக்கிய வரலாற்றுக்குப் பிறகு யாரும் வேறு மாதிரிப் படிக்கவும் மாட்டார்கள். ஆனால் அந்த வாசிப்பு பெரும்பாலும் முதல் தட்டின் வட்டத்தாளோடு நின்றுவிடுகிறது. பணம் முதல் ஆண்டிலிருந்தே ஆர்க்கின் பக்கம் போனதையும், ஆர்க்கை நடத்தியவர்களும் வெள்ளை வியாபாரிகளே என்பதையும், அங்கிருந்து எவ்வளவு பெர்ரியின் கைக்கு வந்திருக்கும் என்பது தனிக் கேள்வி என்பதையும் அது கணக்கில் எடுப்பதில்லை.

இன்று இந்தப் பாட்டைத் தேடினால் பெர்ரி, வில்சன் என்று இரண்டு பெயர்கள் வருகின்றன. டெல் மார் முதல் வைமியா வரை சொல்லிக் கொடுத்த அந்தத் தம்பியின் பெயர் எந்தப் பதிப்பிலும் ஏறவில்லை.